மாமன் மகள் எங்கே போனாள்?

தமிழ்நாட்டில் குடும்பம் மாறிவிட்டது என்று யாராவது பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே கூட்டுக்குடும்பத்தில் போய் நிற்கும். பெரிய வீடு, முற்றம், ஒரே அடுப்பு, வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் இருபது பேர். அதெல்லாம் போய்விட்டது என்று பெருமூச்சு வரும். பழி செல்போன் மீதோ, பட்டணத்து வேலை மீதோ, தனிக்குடித்தனம் கேட்ட மருமகள் மீதோ விழும்.

இந்தக் கதையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அவற்றைவிடப் பெரிய கூட்டு வீடுகள் கிடையாது. ஆனால் அங்கேயே கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு தனிப் 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரைக்குள் வேறு வேறு அடுப்பு, வேறு வேறு வரவு செலவு. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கோ கூடி வாழ்வதற்குச் சொத்தும் இல்லை, இடமும் இல்லை. மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொள்வான். இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியாவின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. குழந்தைச் சாவுகள்தான் அந்தச் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தன என்றாலும், தாத்தா பாட்டி இருவரும் பேரன் கல்யாணம் வரை இருந்த வீடுகள் குறைவுதான். மூன்று தலைமுறை சேர்ந்து வாழ்ந்தது உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் வாய்த்ததல்ல, நெடுநாள் நீடித்ததும் அல்ல.

அப்படியானால் மாறியது என்ன? ஒரு பிள்ளையைச் சுற்றி எத்தனை உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைதான் மாறியது. அந்த எண்ணிக்கையோடு மாமன், அத்தை, முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று பெயர் வைத்து வேலை பிரித்துக் கொடுத்த ஏற்பாடும் மாறியது.

கணக்கு எளியதுதான். எல்லாரும் நான்கு பிள்ளை பெறும் ஊர் ஒன்றை நினைத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பையனின் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் மூன்று பேர், அப்பாவுக்கும் மூன்று பேர். அந்த ஆறு பேருக்கும் நான்கு நான்கு பிள்ளைகள். ஆக மொத்தம் 24 பேர். இவர்களில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் சித்தி பெரியம்மா பிள்ளைகளும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை முறை. கட்டிக்கொள்ளும் முறை வருவது மாமன் பிள்ளைகளுக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் மட்டும். அவர்கள் சுமார் 12 பேர், அதில் பெண்கள் ஆறு. ஒருத்தி வயதில் மூத்தவள், இன்னொருத்தி கைக்குழந்தை என்று கழித்தாலும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள்.

இப்போது எல்லாரும் இரண்டு பிள்ளையோடு நிறுத்தட்டும். 24 என்பது நான்காகிவிடும். முறைப்பெண் ஆறிலிருந்து சராசரியாக ஒன்று. அந்த ஒன்றிலும் வயது பொருந்த வேண்டும், படிப்பு பொருந்த வேண்டும், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். எல்லாரும் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்தினால் கணக்கு பூஜ்யம். அத்தையும் இல்லை, மாமனும் இல்லை, அவர்கள் பிள்ளைகளும் இல்லை.

தமிழ்நாடு இந்த ஊர்களில் முதலாவதிலிருந்து கிளம்பி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பிறப்பு இறப்பைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறைப்படி 1971இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.9 பிள்ளைகள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அது இரண்டை ஒட்டி வந்துவிட்டது. 2020இல் 1.4. கேரளத்துக்கு அடுத்து இவ்வளவு சீக்கிரம் இறங்கிய பெரிய மாநிலம் வேறில்லை. இதன் காரணங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். சென்னை மாகாண அரசு ஐம்பதுகளிலேயே கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்தது. மதிய உணவு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. சாலையும் பஸ்ஸும் ஆரம்ப சுகாதார நிலையமும் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எண்பதுகளில் குடும்பநலத் திட்டத்தை முடுக்கிவிட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.வி. அந்தோணியின் முதலெழுத்துகளுக்கு 'ட்யூபெக்டமி, வாசெக்டமி' என்று கேலியாக விரிவு சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் ஆண்களுக்கான வாசெக்டமி பெயரளவுக்குத்தான் நடந்தது. 'ஆபரேஷன்' செய்துகொண்டவர்கள் பெண்கள். இன்றும் இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள்.

சின்னக் குடும்பம் வேண்டும், ஆனால் அதில் ஒரு ஆண் கட்டாயம் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் மோதியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். சேலம், தருமபுரி, உசிலம்பட்டி பக்கம் நடந்த பெண்சிசுக் கொலைகளும், 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்ததும் இதே வரலாற்றின் பக்கங்கள்தான்.

அக்காள் மகளைக் கட்டுவதற்கு வருவோம். அத்தை மகளையும் மாமன் மகளையும் விட வேகமாகக் கண்ணிலிருந்து மறைவது இந்த வகைக் கல்யாணம்தான். 'ஜீன் பிரச்சினை வரும்' என்ற பயம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஒன்றுவிட்ட உறவில் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது என்றால், மாமன், அக்காள் மகள் உறவில் நான்கில் ஒரு பங்கு பொது. டாக்டர்கள் எச்சரிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்கும் எட்டாமலே போயிருந்தாலும் இந்த வழக்கம் தேய்ந்துதான் இருக்கும். பதினாறு பதினேழு வயதில் கல்யாணமாகி, நாற்பது வரை பிள்ளை பெற்ற காலத்தில் மூத்த மகளுக்கும் கடைசி மகனுக்கும் இருபது வருட இடைவெளி சாதாரணம். அம்மாவும் மகளும் ஒரே வருடத்தில் பிள்ளை பெற்ற வீடுகள் அன்று பல உண்டு. அக்காவின் மகளும் தம்பியும் ஒரு வயதுப் பிள்ளைகளாக ஒன்றாக விளையாடி வளர்ந்தார்கள். இன்று அக்காவுக்கும் தம்பிக்கும் மூன்று வயது வித்தியாசம். அக்காவுக்கு 27 வயதில் மகள் பிறந்தால் தம்பிக்கு அப்போது 24. அந்தக் குழந்தைக்கு இருபது ஆகும்போது அவனுக்கு நாற்பத்து நான்கு. அங்கே யாருக்கும் அறிவுரை தேவைப்படாது.

இவ்வளவுக்குப் பிறகும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த உறவில் கல்யாணம் செய்தவர்கள் என்று வந்தது. இந்திய அளவில் அது 11 சதவீதம். எண்ணிக்கை குறைந்தும் வழக்கத்தின் பிடி முழுதாக விடவில்லை. முறை இருந்து, வயதும் அமைந்துவிட்டால், இன்னும் பல வீடுகளில் முதல் பேச்சு அங்கேதான் போகிறது. 'சொந்தத்துல முடிச்சிடலாம்' என்பதில் உள்ள நிம்மதி அப்படிப்பட்டது. 'அசல்', அதாவது சொந்தமில்லாத இடம் என்றால் விசாரிக்க வேண்டும், நகை பேச வேண்டும், சபையில் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். பெரும்பாலான சாதிகளில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரிசம் போட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது தலைகீழாகி வரதட்சணையானது. 1961இல் தடைச் சட்டம் வந்தும் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் படிப்புக்கும் சம்பளத்துக்கும் விலை வைக்கும் சந்தையில் மாமன் மகனும் ஒரு மாப்பிள்ளைதான் என்று ஆனபோது, சொந்தத்துக்குள்ளேயும் பவுன் கணக்கு நுழைந்துவிட்டது. அது வேறு கதை.

தாய்மாமன் என்பவர் பெண் கொடுப்பவர், பெண் எடுப்பவர் என்பதோடு முடிகிறவர் அல்ல. குழந்தைக்கு முதல் மொட்டை, காது குத்து என்றால் மாமன் மடி. பெண் வயதுக்கு வந்தால் பச்சை ஓலை கட்டுவதும் புடவை எடுப்பதும் மாமன். வளைகாப்பு முடிந்து முதல் பிரசவம் பிறந்த வீட்டில். தலைதீபாவளி, பொங்கல் சீர், பிள்ளைகள் கல்யாணத்தில் பட்டு. கடைசியில் அந்தப் பெண் செத்தால்கூடப் பிறந்த வீட்டுக் கோடித் துணி வர வேண்டும். கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தில் மணமகனின் சகோதரியை முன்னிறுத்தி இணைச்சீர் செய்வார்கள். தம்பிக்கு மனைவி வந்தாலும் அக்காவின் உரிமை போகாது என்று சபையறியச் சொல்லும் சடங்கு அது.

இது பாசம் மட்டும்தானா? பாசம் உண்டு, ஆனால் அடியில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. நிலம் மகன்களுக்கு. மகள் கட்டிய புடவையோடும் போட்ட நகையோடும் போவாள். அதற்கு ஈடாக அவள் உயிரோடு இருக்கும்வரை, அவள் பிள்ளைகள் கரையேறும்வரை, சகோதரன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவன் கொடுப்பது தர்மம் அல்ல. அவள் கேட்காமல் விட்டுக்கொடுத்த பங்கின் தவணை. அந்த உறவு ஒரே தலைமுறையில் அறுந்துவிடாமல் இருக்க அவள் மகளை எடுத்துக்கொண்டார்கள், அல்லது தங்கள் மகளை அவள் வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் அடிக்கல்லில் சட்டம் கைவைத்தது 1989இல். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டு அறுபது வருடம் கழித்து. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்திருந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குப் பிறப்பிலேயே வரும் உரிமை அவளுக்கு இல்லை. கருணாநிதி அரசு 1989இல் திருத்தம் கொண்டுவந்து அதை மாற்றியது. அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது கிடையாது என்றது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை வந்தது. பிறகு 2005இல் மத்திய சட்டமே திருத்தப்பட்டு அந்தப் பாகுபாடு போனது. அந்த 2005 திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டையையும் உச்ச நீதிமன்றம் 2020இல், வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது.

காகிதத்தில் அப்படி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடப்பது வேறு. அப்பா போனபின் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ போனால் வக்கீல் முதலில் கேட்பது, 'கூடப் பிறந்த பொம்பளைங்க எத்தனை பேர்?' பிறகு சகோதரிகள் வரவழைக்கப்படுகிறார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. ஒரு சின்னத் தொகை, சில நேரம் அதுவும் இல்லை. பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காவிட்டால் சீர் தொடரும் என்று நம்புகிறாள். சகோதரனோ, சட்டப்படி பங்கு இருக்கிறதே, இனி எதற்குச் சீர் என்று கணக்குப் போட ஆரம்பித்திருப்பான். இரண்டும் கிடைக்காமல் போன பெண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். சட்டம் வந்ததால் பாசம் கெட்டது என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முன்பு அவள் விட்டுக்கொடுத்தது யார் கணக்கிலும் வரவில்லை. இப்போது அதற்குச் சர்வே எண் இருக்கிறது.

தமிழர்கள் எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில், டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தின்படி, சீதனம் என்பது பெண்ணின் பெயரிலேயே போகும் சொத்து, வீடும் காணியும் உட்பட. மட்டக்களப்பில் 'குடி' என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது, வீடு மகளுக்கு. அங்கே அண்ணனின் வேலை சீர் செய்வதைவிட, தங்கைக்குச் சீதனம் சேர்க்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவது. போர் தொடங்கிய பிறகு எத்தனையோ அண்ணன்மார் கனடாவிலும் சுவிஸிலும் இருந்து அனுப்பிய பணம் இந்தக் கடமையின் பேரில்தான் போனது.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். இன்று காது குத்தும் வயதில் உள்ள குழந்தைகளின் அம்மாக்கள் பிறந்தது தொண்ணூறுகளில். இரண்டு பிள்ளைக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கூடப்பிறந்தது ஆணாக இருக்கும் வாய்ப்பு பாதிதான். நான்கு பிள்ளைக் குடும்பத்தில் அது எட்டுக்கு ஏழாக இருந்தது. அதாவது மாமன் இல்லாத பிள்ளை முன்பு அபூர்வம், இப்போது பாதிக்குப் பாதி. சரி, என்ன செய்கிறார்கள்? அம்மாவின் பெரியப்பா மகனையோ சித்தி மகனையோ உட்காரவைக்கிறார்கள். சடங்கு நிற்கவில்லை, பாத்திரத்துக்கு ஆள் மாற்றிக்கொள்கிறது. இணைச்சீருக்கும் அப்படியே, ஒன்றுவிட்ட அக்கா தங்கை. ஆனால் பட்டுப்புடவையோடு முடிந்துவிடும் வேலைகளுக்குத்தான் இரவல் மாமன் சரிப்படுவார். கணவன் அடித்தால் கேட்கப் போவது, பிள்ளையின் காலேஜ் கட்டணத்துக்குக் கைமாற்று கொடுப்பது போன்றவற்றுக்கு அவரை எதிர்பார்க்க முடியாது. மதுரைப் பக்கம் லாரியில் சீர்வரிசை ஏற்றி, செண்டை மேளத்தோடு தாய்மாமன்கள் ஊர்வலம் வருவதைப் பார்த்தால், பொறுப்பு சுருங்கச் சுருங்கக் காட்சி பெருத்துவிட்டதோ என்று தோன்றும்.

அந்த மற்ற வேலைகள் எங்கே போயின? ஒரு பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. இதை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை, ஆனால் பட்டியலைப் பாருங்கள். சொத்துரிமைச் சட்டம் வந்த அதே 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது, படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிற்பாடு ஜெயலலிதா அதில் தாலிக்குத் தங்கம் சேர்த்தார். கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய். அங்கன்வாடிகளில் சமுதாய வளைகாப்பு, அரசுச் செலவில் வளையலும் சீர்த்தட்டும். பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைக்குப் பெட்டகம். பிறந்த வீடு ஒவ்வொன்றாகச் செய்துவந்ததை ஒரு துறை ஒவ்வொன்றாகச் செய்கிறது. 2022இல் திருமண உதவி புதுமைப் பெண் திட்டமாக மாறி, கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றானது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது சின்ன விஷயமல்ல. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகை, 'குடும்பத் தலைவி' என்ற பதவியை வங்கிக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்தது. ரேஷன் கார்டில் பெயர் மட்டும் இருந்த இடம் அது.

வசதியுள்ளவர்கள் வீட்டில் வேறு விதம். முதல் பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவதற்குப் பதில், தாய் விமானம் ஏறி நியூஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ போகிறாள். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் ஒரு தடவை ஆறு மாதம்வரை தங்கலாம் என்பதால், முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாப்பிள்ளையின் அம்மா என்று குழந்தை வளர்ப்பே விசா விதியின்படி பிரிந்திருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ளும் உரிமைக்காகச் சண்டை போட்ட சம்பந்திகள் இப்போது முறைவைத்து டிக்கெட் போடுகிறார்கள்.

அரசு எடுத்துக்கொள்ளாத வேலை, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் குறைந்து ஆயுள் கூடியதால் குடும்பம் அகலம் குறைந்து உயரமாகிவிட்டது. ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி இல்லாத பிள்ளைக்கு நான்கு தாத்தா பாட்டிகளும் உயிரோடு இருக்கிறார்கள். ஒற்றை மகளும் ஒற்றை மகனும் கல்யாணம் செய்துகொண்டால் அந்த இருவர் தலையில் நான்கு பேர். மகள் வீட்டில் கை நனைப்பதே கௌரவக் குறைவு என்றிருந்த அப்பாக்கள், மகள் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் குடியேறுகிறார்கள். ஒரே மகள்தான் என்றால் கொள்ளி வைப்பதும் அவள்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இங்கேதான் பழைய ஏற்பாட்டின் சாமர்த்தியம் தெரிகிறது. மாமன் மகளைக் கட்டியவனுக்கு மாமனார் என்பவர் தூக்கி வளர்த்த மாமன். அத்தை வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு மாமியார் என்பவள் சின்ன வயதிலிருந்து பார்த்த அத்தை. பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நெருக்கத்துக்குள் அடி உதையும் அடக்குமுறையும் வெளியே வராமல் புதைந்தன என்பதும் உண்மைதான். இப்போது இரண்டு அசல் குடும்பங்கள், யார் யாருக்கு என்ன கடமை என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு, பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் முடிவு செய்கின்றன. மாமனாரின் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை வண்டி ஓட்டிப் போகும் மருமகன்கள் இருக்கிறார்கள். ஆனால் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 'பிள்ளைகள்' பட்டியலில் மகன், மகள், பேரன், பேத்திதான் உண்டு. மருமகனையும் மருமகளையும் சேர்க்க 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. அது சட்டமாகாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்துவிட்டது.